படிக்காமல் போட்ட கையெழுத்து

மனைவி மறுபடியும் அழுதுகொண்டிருந்தாள்.

தலைமை எழுத்தர் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். மேசைக்கு வரும் தாள்களைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு முப்பது வருஷத்தை நிம்மதியாக ஓட்டியவர் அவர். ஆஸ்பத்திரித் தாள்களையும் அலுவலகத்திலிருந்தே அப்படித்தான் அனுப்பிவைத்தார். அவளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்து, ஆபரேஷன் செய்து, கதிரியக்க அயோடின் கொடுத்துக் குணமாகிப் பத்து மாதம் ஆகிறது. அப்போதெல்லாம் ஒரு சொட்டு விடாதவள், இப்போது வெங்காயமே இல்லாத சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே நிற்கிறாள்.

விஷயம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாளோ?

"ஏன் அழற?"

"நான் எங்கே அழறேன்?"

கல்யாண வாழ்க்கையில் இதைவிடப் பயங்கரமான பதில் கிடையாது. உடனே போய்ப் பாத்திரம் கழுவினார். மூன்று தட்டு உடைந்தது. அவள் கண்ணில் இன்னும் இரண்டு சொட்டு கூடியது.

மறுநாள் அவரால் தாங்க முடியவில்லை.

"சரி, ஒத்துக்கறேன். சிகிச்சைக்கு முன்னாடி, உனக்குத் துணையா நானும் அயோடின் உப்பில்லாத சாப்பாடுதான் சாப்பிடறேன்னு சொன்னேன்ல? மத்தியானம் கேன்டீன்ல ஒரு வெட்டு வெட்டிட்டுத்தான் வருவேன்."

"ஓ," என்றாள். தாரை தாரையாக வழிந்தது.

அரைகுறையாகச் சொன்னதுதான் தப்பு என்று மீதியையும் அவிழ்த்தார்.

"உன்னைத் தனி அறையில வெச்சிருந்த மூணு நாளும் ஆபீஸ்ல ஆடிட் எல்லாம் இல்லை. சீட்டாட்டம்."

கண்ணீர் நிற்கவில்லை. அவர் வாயும் நிற்கவில்லை.

"உனக்கு ஏதாவது ஆயிட்டா சோத்துக்கு என்ன பண்றதுன்னு, ஒரு சமையல்காரம்மாவைக்கூட விசாரிச்சு வெச்சேன்."

"எப்போ?"

"நீ ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தப்போ."

சொன்ன பிறகு அவருக்கே கேவலமாக இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணிகளை உலர்த்தச் சொன்னாள். உலர்த்தினார்.

ஒரே மாதத்தில் சமையல், துணி துவைத்தல், பெருக்கல் எல்லாம் அவர் தலையில் வந்து விழுந்தன. கண்ணீர் மட்டும் ஓயவில்லை. கடைசியில், முதல்முறையாக, அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவள் டாக்டர் அறைக்குள் போனதும் வெளியே இருந்த நர்ஸிடம் கெஞ்சினார்.

"அவ மனசு உடைஞ்சுபோச்சு, சிஸ்டர். ஏதாவது மாத்திரை குடுங்க."

நர்ஸ் கோப்பைப் புரட்டி ஒரு தாளை நீட்டினாள். அடியில் அவர் கையெழுத்து.

"மனசெல்லாம் நல்லாத்தான் இருக்கு, சார். அயோடின் சிகிச்சையால பின்னாடி கண்ணீர் வடியற குழாய் அடைச்சு, கண்ணுல தண்ணி வழிஞ்சுகிட்டே இருக்கலாம்னு இதுலயே போட்டிருக்கே. போன மாசமே அடைப்பை எடுத்துடலாம்னோம். அம்மாதான், 'இருக்கட்டும், எங்க வீட்டுக்காரர் இன்னும் முழுசாச் சொல்லி முடிக்கலை'ன்னுட்டாங்க."