பல் டாக்டர் போட்ட ஒட்டு

"பேசாம தையல்காரர்கிட்ட கொடுத்திடுங்க. உட்கார்ந்த இடத்துலயே ஒட்டுப் போட்டுக் கொடுத்திடுவார்" என்றாள் மனைவி.

மகளுடைய ஜீன்ஸின் முழங்காலில் இருந்த ஓட்டைக்குள் மூன்று விரல்களை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்த பல் டாக்டருக்குச் சுருக்கென்றது.

"நாள் பூரா ஊரார் பல்லுல ஓட்டை அடைக்கிறவன் நான். பெத்த பொண்ணோட ஜீன்ஸுல ஒரு ஓட்டையை அடைக்க மாட்டேனா?"

"பல்லு வேற, துணி வேறங்க."

"ஈறுல தையல் போடற கை இது. துணி என்ன, வாயை மூடிக்கிட்டு முரண்டு பிடிக்கவா போகுது?"

எட்டு வயது மகள் கவலையோடு எட்டிப் பார்த்தாள். "அப்பா, சாயந்திரம் பர்த்டே பார்ட்டிக்கு இதைத்தான் போட்டுக்குவேன். மத்ததுல ஓட முடியாது, ஏற முடியாது."

"நீ கவலையே படாதே கண்ணு. அப்பா பார்த்துக்கறேன்."

வெறும் வீம்பு என்று நினைத்துவிட வேண்டாம். டாக்டர் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவருக்கு இருந்தது ஒரு பழுப்பு நிறப் பேண்ட். தினமும் எங்கேயாவது விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு வருவார். காலையில் எழுந்து பார்த்தால் பேண்ட் நாற்காலியில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். கிழிந்த இடத்தில் எறும்பு ஊர்வது போலப் பொடிப்பொடியாகத் தையல். வகுப்பில் கணக்குப் புரியாதபோதெல்லாம் அந்த ஒட்டைத்தான் விரலால் தடவிக்கொண்டிருப்பார். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி தைரியமாக இருக்கும். "தேங்க்ஸ்மா" என்று சொன்னால் அம்மா, "போடா" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அப்பா போலீஸ்காரர். அந்த மீசையைப் பார்த்தாலே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார் டாக்டர். கிழிசலைக் கண்டதும், "துணி என்ன மரத்துலயா காய்க்குது?" என்று ஓர் அதட்டல் போடுவார். அதோடு அவர் கடமை முடிந்தது. மகனுக்காக ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டவரில்லை. மகள் பிறந்த அன்றே டாக்டர் முடிவு செய்துவிட்டார்: அப்பா மாதிரி ஓர் அப்பாவாக மட்டும் இருக்கவே கூடாது. அதனால்தான் இப்போது ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

தன்னுடைய பழைய ஜீன்ஸிலிருந்து ஒரு துண்டை வெட்டி, ஓட்டையின் மேல் வைத்து, ஆழமாகக் குத்தி, நூலை இறுக்கி இழுத்துத் தைத்தார். தையல் என்னவோ இரும்பு மாதிரிதான் இருந்தது.

மகள் காலை நுழைத்தாள். முழங்காலோடு கால் நின்றுவிட்டது.

"அப்பா, என் கால் வெளியே வரலை."

முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துத் தைத்திருந்தார்.

"அதனால என்ன, பிரிச்சிடலாம்" என்றவர் சவரம் செய்யும் பிளேடை எடுத்தார். தையல் பிரிந்தது. கூடவே துணியும் பிரிந்தது. மூன்று விரல் போன ஓட்டைக்குள் இப்போது மகளின் தலையே போகும் போலிருந்தது.

"என் ஜீன்ஸ் வேற கலர். இதே கலர்ல பெரிய துண்டு ஒண்ணு வேணுமே" என்று முணுமுணுத்தார்.

"அதுக்கு இதை வாங்கின கடைக்குத்தான் போகணும்" என்றாள் மனைவி.

"எதுக்கு? இதோ, பின் பாக்கெட் இருக்கே! இதை வெச்சுக்கிட்டு எட்டு வயசுக் குழந்தை எந்தச் சொத்தைப் பதுக்கப் போறா?"

கத்தரிக்கோலை ஒரு போடு போட்டார். பாக்கெட் கையோடு வந்தது. பாக்கெட்டுக்குப் பின்னால் இருந்த துணியும் அதோடு வந்தது.

மனைவி ஜீன்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு ஓட்டைகள் வழியாகவும் ஜன்னல் நன்றாகத் தெரிந்தது.

"நல்ல பல்லையும் சேர்த்துப் பிடுங்கிட்டீங்க" என்றாள்.

மகள் சிரிக்கவில்லை. உதடு பிதுங்கியது. "எனக்கு ஒட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் பார்ட்டிக்கே போகலை" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டாக்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அப்பாவாவது அதட்டியதோடு விட்டார். அவர் பெற்ற பிள்ளை உள்ளதையும் அல்லவா கெடுத்து வைத்திருக்கிறான்! அம்மா உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கந்தலைக் கொண்டுபோய் அவள் மடியில் போட்டுவிட்டு அழுதிருப்பார். இருப்பது அக்கா ஒருத்திதான். போனை எடுத்தார்.

"அக்கா, அம்மா ஒட்டுப் போடும்போது துணியை உள்பக்கமா வெச்சுத் தைப்பாளா, வெளிப்பக்கமா?"

"யாரு, அம்மாவா?" அக்கா சிரிக்க ஆரம்பித்தாள்.

"சிரிக்காதேக்கா. இங்க குழந்தை அழுதுக்கிட்டிருக்கா. என் பேண்ட்டுக்கு அம்மா எப்படித் தைச்சா, அதை மட்டும் சொல்லு."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"அம்மாவுக்கு ஊசியில நூல் கோர்க்கக்கூட வராது; வெளியே தெரிஞ்சா ஒரு திருடன்கூடத் தனக்குப் பயப்பட மாட்டான்னு சொல்லி, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, உன் பேண்ட்டுக்கெல்லாம் ஒட்டுப் போட்டது நம்ம அப்பாடா!"