வெளுத்த ஜாக்கெட்

"இது சாயம் வெளுத்திருக்குங்க. வேற கேப்போம்" என்றான் அன்பரசு, லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை நாலாவது தடவையாக இழுத்துப் பார்த்தபடி.

குடிகாட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி அவன். வயது முப்பத்து நாலு. பெண் பார்க்கப் போன ஐந்து வீட்டிலும் பஜ்ஜியைத் தொடாமல் சமையலறைக்குள் போய், கேஸ் டியூப் மாற்றி எத்தனை வருஷம் என்று விசாரித்தவன். ஐந்தும் தட்டிப்போயின.

நம்ம தொழில்காரிக்குத்தான் நம்மைப் புரியும் என்று, பாதுகாப்பு அதிகாரிகளுக்கென்றே இருந்த 'கவசம்' ஆப்பில் சேர்ந்தான். கடலூர் மாவட்டம் முழுக்க அதில் உறுப்பினர் இரண்டே பேர். ஒன்று அவன். இன்னொன்று சிதம்பரத்துத் தாட்சாயிணி, சர்க்கரை ஆலையில் இதே வேலை. மூன்று மாதம் ஆப்பிலேயே பேசி, இன்றுதான் பிச்சாவரம் படகுத்துறையில் முதல் சந்திப்பு. அதுவரை போன் நம்பர் கூடாது என்று இருவரும் சேர்ந்தே விதி போட்டிருந்தார்கள். பாதுகாப்பு முக்கியமில்லையா!

"நல்லாதாங்க இருக்கு. நான் பாத்துட்டேன்" என்றாள் தாட்சாயிணி.

"எப்பப் பாத்தீங்க? இப்பதான வந்தோம்?"

அவள் அதே ஜாக்கெட்டை மறுபடி அவன் பக்கம் தள்ளினாள்.

"அடுத்தவங்க பாத்தேன்னா நம்பக் கூடாதுங்க. ஒங்களுக்குத் தெரியாததா?"

அடுத்த ஜாக்கெட் தோளில் இறுக்கியது. அதற்கடுத்தது தொளதொளத்தது. அதற்குள் அவர்கள் படகில் லால்பேட்டைக் குடும்பம் ஒன்று ஏறிப் போய்விட்டது.

"அடுத்த படகுக்கு அரை மணி ஆவும் சார்" என்றார் படகுக்காரர்.

"நல்லதாப் போச்சு. துடுப்பையும் பாத்துடலாம்."

தாட்சாயிணி அவனையே பார்த்தாள். "ஒங்களுக்கு யாரையும் நம்பவே வராதாங்க?"

"நம்பிக்கை வேற, செக்கிங் வேற."

"அப்ப நான் கெளம்பறேன்."

சிதம்பரம் பஸ்ஸில் ஏறியே விட்டாள்.

அன்பரசுவுக்குக் கோபம் வந்தது; அதைவிட வருத்தம். ஷிஃப்ட் முடிகிற நேரம் பார்த்து, "வீட்டுக்குப் போயிட்டீங்களா?" என்று தினமும் கேட்டவள். இனி யார் கேட்பார்கள்? இவளுக்கே புரியவில்லையென்றால் எதற்கு இந்த இழவெடுத்த ஆப்? 'நிரந்தரமாக நீக்கவா?' என்று அது கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டாம் முறை சரிபார்க்காமல் 'ஆம்' என்று அழுத்தினான். மாவட்டத்தில் கவசத்தின் உறுப்பினர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது.

ஜாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தபோது, ஜாக்கெட் கவுண்டரில் இருந்த அமராவதி மற்றவற்றை வாங்கி மாட்டிவிட்டு, வெளுத்ததை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஏன் சார், இது புடிக்கலையா? போன ஞாயித்துக்கெழம அந்தப் பொண்ணு தனியா வந்து, இருக்கற நாப்பதையும் போட்டுப் பாத்துட்டு, 'அடுத்த வாரம் ஒருத்தர் வருவாரு, இத அவுருக்குன்னு எடுத்து வையிங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சே!"