பத்திரம் எழுதியவன் உடைத்த சுவர்

ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்: அப்போதெல்லாம் வாடகை ஒப்பந்தம் என்றால் நான் படிப்பதே கிடையாது. கம்ப்யூட்டரில் பழைய ஒப்பந்தம் ஒன்று கிடக்கும். பேரை மாற்று, வாடகையை மாற்று, நாலெல்லையை மாற்று, பிரிண்ட் போடு. (சங்கரன்கோவிலில் பாதிக் கடைகள் அந்த ஒரே ஒப்பந்தத்தில்தான் ஓடுகின்றன. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.)

என் மனைவி செல்வி தையல் கடைக்கு இடம் பிடித்தபோதும் அதேதான். கட்டடம் கோமதிநாயகம் அண்ணாச்சிக்குச் சொந்தம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அதை விட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யாராவது கடை திறப்பார்களா? ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தைக்க வந்த பிளவுஸ் துணியெல்லாம் வேறு கடைக்குப் போய்விடும். செல்வி அஞ்சு வருஷமாக ஆசைப்பட்ட கடை அது.

புதன்கிழமை காலையில் மெஷின்களை இறக்கிப் பார்த்தாள். "ஏங்க, பின்னால ஒரே இருட்டா இருக்கே. ஒரு ஜன்னல் இருந்தா நல்லாருக்கும்."

"வச்சிட்டாப் போச்சு!"

"அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவர்ட்ட என்னத்தக் கேக்க? ஒப்பந்தம் அடிச்சதே நான்தானே!"

பின்சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் முடுக்குச் சந்து என்று நானே முடிவு செய்துகொண்டேன். கொத்தனாரைக் கூட்டி வந்தேன். அவர் நிதானமாக அளவெடுப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் சுத்தியலைப் பிடுங்கி நானே ஓங்கி நாலு போடு போட்டேன். சுவர் பொத்தென்று திறந்தது. வெளிச்சம் வந்தது. கூடவே மீன்குழம்பு வாசமும் வந்தது.

ஓட்டைக்குள் அண்ணாச்சியின் முகம் முளைத்தது. அவர் வீடு அடுத்த தெருவில் என்று எனக்குத் தெரியும். கடைக்குப் பின்னால் ஒட்டி நிற்பதே அந்த வீடுதான் என்பது மட்டும் தெரியாது. இத்தனைக்கும், நாலெல்லையில் 'வடக்கே உரிமையாளர் வீடு' என்று அடித்தது என் கைதான்! கைக்குத் தெரிந்தது மண்டைக்குத் தெரியவில்லை.

"ஏ வே, கொழம்புச் சட்டிக்குள்ள செங்கல் கெடக்கு. என்ன வே பண்ணுதீரு?"

"ஜன்னல் வைக்கேன் அண்ணாச்சி..."

"எங்க அடுப்படிக்கா?"

திரும்பிப் பார்த்தால் கொத்தனாரைக் காணோம். அண்ணாச்சி உள்ளே போய் ஒப்பந்தத்தை எடுத்து வந்து ஓட்டை வழியாக நீட்டினார். "பத்தாவது ஷரத்தை வாசியும். சத்தமா!"

"உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றி வாடகைதாரர் கட்டடத்தில் எவ்வித மாற்றமும் செய்யக்கூடாது. மீறினால் பழையபடி ஆக்கித் தர..." பாதியிலேயே நிறுத்தினேன். பாவி, நல்லாத்தான் எழுதியிருக்கிறேன்! ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "ஆறாவது ஷரத்துல, சுவர் ரிப்பேர் உங்க பொறுப்புன்னு போட்டிருக்கே அண்ணாச்சி..."

"தானா விழுந்தா என் பொறுப்பு. நீரு இடிச்சா உம்ம பொறுப்பு. சுவரு பழையபடி நிக்காம கடை தெறக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

செல்வி என்னைத் திட்டவில்லை. மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவளைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

கொத்தனார் போனை எடுக்கவேயில்லை. கரண்டியை நானே எடுத்தேன். இரண்டு நாள் கல் வைத்தேன். அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மட்டம் பாரும் வே, கல்லு சாயுது" என்று அண்ணாச்சி பாடம் எடுத்துக்கொண்டே இருந்தார். அவர் வீட்டம்மா ஓட்டை வழியாகக் காப்பி நீட்டினார். (ஓட்டை சின்னதாகச் சின்னதாக டம்ளரும் சின்னதாகிக்கொண்டே வந்தது.) வியாழக்கிழமை சாயங்காலம் சுவர் எழுந்து நின்றது, நடுவில் லேசாகத் தொப்பை போட்டு. வெள்ளிக்கிழமை கடையும் திறந்தாயிற்று.

பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறோம். முதல் தடவையே செல்வியும் அண்ணாச்சியும் கலந்து பேசிப் புதிதாக ஒரு ஷரத்து சேர்த்தார்கள். அதை அடித்தவனும் நான்தான். இன்றைக்கும் எங்கள் பிள்ளைகள் சுற்றி நின்று சிரிக்க, நான் அதைச் சத்தமாக வாசித்து முடித்த பிறகுதான் செல்வி கையெழுத்துப் போடுவாள்:

'வாடகைதாரரின் கணவர் எக்காரணம் கொண்டும் சுத்தியலுடன் கடைக்குள் நுழையக்கூடாது.'