ஒன்றரை சதவீதம் தொடர்பாக, லிஃப்டில் சிக்கியவர் எழுதுவது

உயர்திரு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். நாங்கள் ஏதோ இருக்கிறோம். தங்கள் லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் நான்காம் மாடியில், அவசர அழைப்பு அறையில் ஏழு வருடமாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தகப்பன் நான். எங்கெங்கோ லிஃப்டில் சிக்கிக்கொண்டவர்கள் மணியை அழுத்தினால், மெக்கானிக் வந்து கதவைத் திறக்கும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருப்பது அவள் வேலை. அவளுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். இடையில் எங்காவது மரியாதை குறைந்தால், அது என் முதுகுவலியால்தான் என்று பெரிய மனதோடு எடுத்துக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். போன திங்கட்கிழமை சாயங்காலம் பாப்பா (வீட்டில் அவளை இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்) வீட்டுக்கு வந்து மேஜைமேல் ஒரு பீங்கான் கோப்பையை வைத்தாள். அதில் 'நீங்களே எங்கள் சொத்து' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. ஏதோ பரிசு வாங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று நானும் அவள் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உள்ளே கையை விட்டால் நாலாக மடித்த காகிதம். இந்த வருடச் சம்பள உயர்வு ஒன்றரை சதவீதம். அவள் அம்மா என்னடி இது என்று கேட்டதற்கு, டீ குடிக்கலாம்மா என்று சொல்லிவிட்டு, கோப்பையைக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாள் கோந்து தேடி அவள் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். (கோந்துதான் தேடினேன், வேறெதற்கும் இல்லை.) அங்கே இரண்டு காகிதங்கள். ஒன்று, வரும் முப்பதாம் தேதியிட்டு எழுதிவைத்த ராஜினாமா. பன்னிரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிற ஏதோ ஒரு ஊரில் வேறு கம்பெனி கூப்பிட்டிருக்கிறதாம். ஐயா, எங்களுக்கு இருப்பது ஒரே பெண். அவள் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அன்றைக்கிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது காகிதம் தங்கள் அலுவலகத்தின் சுயமதிப்பீட்டுப் படிவத்தின் நகல். படிவம் என்றால் எனக்குத் தெரியாதது இல்லை. குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியவன். அதில் இருபத்திரண்டு வருடம் தலைமை எழுத்தராக, எனக்குக் கீழே இருந்தவர்களுக்கு ஆண்டுக் குறிப்பு எழுதியிருக்கிறேன். ஒருவருக்குக்கூட 'திருப்திகரம்' என்பதற்கு மேல் எழுதியதில்லை. எழுதினால் மறுநாள் பத்தரைக்கு வருவான். ஒரு சமயம் பிரதான குழாய் வெடித்து ஊரே தவித்தபோது, மூன்று நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வேலை பார்த்த உதவியாளர் ஒருவர் இருந்தார். அவருக்கும் திருப்திகரம்தான். அவர் என் மேஜைக்கு வந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். திமிர் பிடித்த ஆள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அதனால் தங்கள் கையெழுத்துக்கு மேலே 'ஐந்துக்கு இரண்டு, திருப்திகரம்' என்று பார்த்ததும், அட, நம்மைப் போல ஒரு மனிதர் என்று முதலில் எனக்கு உள்ளூர சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் அந்த எண்ணை எழுதிய கை யாருடையது என்று பார்த்தேன். தனக்குத் தானே இரண்டு போட்டுக்கொண்டது பாப்பாவேதான். தாங்கள் அதைப் பார்த்துக் கீழே கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறீர்கள்.

ஏன் இரண்டு போட்டாள் என்று எனக்குத் தெரியும். பள்ளியில் முழுப் பாட்டையும் பிசகாமல் ஒப்பித்துவிட்டு ஓடிவந்தபோது, சத்தம் கொஞ்சம் கம்மி என்றேன். சைக்கிள் ஓட்டப் பழகிய அன்றைக்கு, பிரேக் பிடிக்கத் தெரியவில்லை என்றேன். அந்தக் குழந்தைதான் தங்கள் படிவத்தை நிரப்பியிருக்கிறது. ஆனால் தங்களுக்கு ஒரு முறை வேண்டாமா? ஒருத்தி தன்னை இரண்டு என்று சொன்னால், சேச்சே, என்னம்மா இப்படிச் சொல்றே என்று எதிராளிதான் நாலாக்க வேண்டும். சாப்பிட உட்கார்ந்த விருந்தாளி போதும் என்றால், உடனே தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவீர்களா? எனக்குக் கேட்கணும்போல இருந்தது. நேரில் கேட்கலாம் என்று புதன்கிழமை கிளம்பினேன்.

வீட்டில் மூக்குக்கண்ணாடி மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டு, ஓய்வுபெற்ற அன்று போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு வந்தேன். தங்கள் வரவேற்பறையில் புது சோபா, மீன்தொட்டி, தங்கள் படம், படத்துக்குக் கீழே ஊழியர்களே பலம் என்று ஒரு வாசகம். பரவாயில்லை. மேலாளர் ஐந்தாம் மாடி என்றார்கள். லிஃப்டில் ஏறினேன். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது, விளக்கும் அணைந்துவிட்டது. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியின் சொந்தக் கட்டடத்து லிஃப்ட் ஐயா! ஊழியருக்கும் ஒன்றரை, லிஃப்டுக்கும் ஒன்றரை என்று ஒரே கணக்காகப் போட்டுவிட்டீர்களோ என்னவோ. மணியை அழுத்தினேன்.

"வணக்கம், அவசர உதவி. பதறாதீங்க சார், நான் லைன்லயே இருக்கேன்."

பாப்பா குரல். கைக்குட்டையை வாயில் வைத்து இருமிவிட்டு அடித்தொண்டையில் பேசினேன். பெயர் கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன். மூச்சு சிரமமா, தண்ணீர் இருக்கிறதா, தனியாகவா இருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டுக் கீழே உட்காரச் சொன்னாள். அடுத்தவர் சொல்லி நான் உட்கார்ந்த சரித்திரமே கிடையாது. கோட்டோடு தரையில் உட்கார்ந்தேன். கயிறு அறுந்தாலும் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும், பெட்டி கீழே விழாது, கதவை மட்டும் நெம்பாதீர்கள் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத பெண். என் நெஞ்சு படபடப்பு அடங்கியது எனக்கே தெரியவில்லை. இந்த வேலையைத்தான், போனில் பேசுவதெல்லாம் ஒரு வேலையா என்று ஏழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நேரம் போக வேண்டும் என்று வீட்டில் யார் யார் என்றாள். மனைவி, ஒரு பெண் என்றேன். பொண்ணு எப்படி சார் என்றாள். நான் என்னத்தைச் சொல்ல? நாக்கு நுனிவரைக்கும் திருப்திகரம் வந்துவிட்டது. ஆனால் இருட்டுப் பெட்டிக்குள் கோட்டோடு உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கிறது? மடை திறந்த மாதிரி கொட்டிவிட்டேன். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன மாதத்தில் ஆஸ்பத்திரி, ஆபீஸ், அடுப்படி மூன்றையும் ஒருத்தியாக இழுத்தாள், எனக்கு ஒரு வேளை காபி தவறவில்லை, ஒரு நாள் முகம் சுளிக்கவில்லை என்று சொன்னேன். அவளை மாதிரி ஒருத்தி எங்கள் வம்சத்திலேயே கிடையாது மேடம், ஆனால் நான் அவளிடம் சொன்னதில்லை என்றேன்.

"ஏன் சார் சொல்லல?"

"கெட்டுப்போயிடுவாளோன்னுதான் மேடம்."

"அவங்களுக்கு என்ன வயசு?"

"இருபத்தொன்பது."

"இனிமே கெட மாட்டாங்க சார்."

இப்படியே நாற்பது நிமிடம். நாற்பதாவது நிமிடத்தில் தங்கள் மெக்கானிக், கையில் டீ கிளாஸோடு, சிரித்த முகமாகக் கதவைத் திறந்தார். ஒரு மனிதன் உள்ளே தவிக்கும்போது டீ கேட்கிறதா? பாப்பா கண்ணில் படக்கூடாது என்று தங்களைப் பார்க்காமலேயே படியிறங்கி ஓடிவந்துவிட்டேன். ஆகவே ஐயா, என் மகளின் இரண்டை மறுபடி எண்ணிப் பார்க்கவும். அந்த மெக்கானிக்கின் மீது தக்க நடவடிக்கை எடுக்கவும். கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும். தாங்களும் தங்கள் பிள்ளைகுட்டிகளும் எந்த மாடியிலும் தங்குதடையின்றி ஏறி இறங்கி நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஊழியரின் தகப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பாப்பா பார்த்துவிட்டாள். பிடுங்கி முழுவதும் படித்தாள். மெக்கானிக் மீதான புகாரை இதன்மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவர் ஒன்பதாவது நிமிடமே வந்துவிட்டாராம். பாப்பாதான் ஆளனுப்பி அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்து, கூப்பிடுகிறவரை திறக்க வேண்டாம் என்று படியில் உட்காரவைத்திருக்கிறாள். என்னை எப்போது கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். முதல் இருமலிலேயே என்கிறாள். பின்னே ஏன் சொல்லவில்லை என்றால், "சொல்லியிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்கப்பா" என்கிறாள்.

எனக்காக நீங்கள் யாரிடமும் கேட்க வேண்டாம், கடிதத்தை அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டாள். தபால்தலை ஒட்டியாகிவிட்டது, வீணாகக்கூடாது என்பதால் மட்டுமே அனுப்புகிறேன். வரும் திங்கட்கிழமை பத்து மணிக்கு அவளே தங்களிடம் பேசப்போகிறாள். படிவத்தைப் புதிதாக எழுத உட்கார்ந்தவள், எத்தனைப்பா போடட்டும் என்று கேட்டாள். பழக்கதோஷம், நாலு போதுமே என்று சொல்லித் தொலைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தக் காலத்தில் என் உதவியாளர் பார்த்த அதே பார்வை. சரிம்மா, அஞ்சே போடு என்றேன். ராஜினாமாக் கடிதம் இப்போது இழுப்பறையிலிருந்து அவள் கைப்பைக்கு வந்துவிட்டது. கொடுப்பதா கிழிப்பதா என்பதைத் தங்களோடு பேசிவிட்டு அவள் முடிவு செய்வாளாம், அதில் எனக்கும் தங்களுக்கும் வேலையில்லையாம். அவள் தன் வாயால் ஐந்து என்று சொல்லும்போது தாங்கள் மட்டும் சிரித்துவிடாதீர்கள் ஐயா, அது வெளியே வர இருபத்தொன்பது வருடம் ஆகியிருக்கிறது. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்பின் ஆகலாம். படியில்தான் வரச் சொல்லியிருக்கிறேன்.