மேல் பல் என்றால் மேல் பல்தான்

மல்லசமுத்திரம்,
ஞாயிறு.

மரியாதைக்குரிய மச்சான் குமரகுரு அவர்களுக்கு, தங்கள் தங்கை சௌந்திரத்தின் வீட்டுக்காரன் காளியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு என் பல் நீங்கலாக அனைவரும் சௌக்கியம். வாயைத் திறக்க முடியாததால் போன் செய்யவில்லை.

விஷயம் உங்கள் மகள் அபிநயாவைப் பற்றியது. வலது பக்க மேல் கடைவாய்ப் பல் ஒரு வாரமாக உயிரை எடுக்கிறது, சோறு இறங்கவில்லை, டீ பட்டால் காது வரைக்கும் தெறிக்கிறது, நம்ம பிள்ளை பல் டாக்டராச்சே என்று ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிற அவள் கிளினிக்குக்குப் போனேன். ஆயிரம் அடி போர் போடுகிற ரிக் வண்டிக்காரன், அந்தக் குண்டூசி டிரில்லைப் பார்த்து நடுங்கிவிட்டேன். மேல் பல்லைத் தட்டினாள், ஒன்றுமில்லை. கீழ்ப் பல்லைத் தட்டினாள், எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "மாமா, மேல் பல்லு நல்லாத்தானுங்க இருக்குது. சொத்தை கீழ. நரம்பு வரைக்கும் போயி வேருக்கடியில சீழ் கட்டியிருக்குது. அந்த வலிதான் மேல தெரியுது" என்றாள். கீழ்ப் பல்லைப் பிடுங்க வேண்டாமாம். சின்னதாகத் திறந்து, கெட்ட நரம்பை எடுத்து, வேருக்குள்ளே சுத்தம் செய்து அடைத்து, மேலே மூடி போட்டால் போதுமாம். ரூட் கெனால் என்று பெயர்.

எனக்கு வந்ததே கோபம். நம்ம தொழிலில் தோட்டத்துக்காரர் பாயிண்ட் காட்டுகிற இடத்தில்தானே ரிக்கை நிறுத்துகிறோம், பக்கத்துத் தோட்டத்தில் போடுகிறேன் என்று என்றைக்காவது சொன்னதுண்டா? வாய் என்னுது, வலி என்னுது, பாயிண்டும் நான்தானே காட்டணும்? அதையே சொன்னேன். "நல்ல பல்லுல கை வைக்க மாட்டேனுங்க மாமா"னு கையுறையைக் கழட்டிட்டா. நானும் எந்திரிச்சு வந்துட்டேன். ஊட்டுக்கு வந்தா சௌந்திரமும் அண்ணன் மகள் பக்கம்தான் பேசறா. கன்னம் வீங்கிக்கிட்டே போகுது, பயமாத்தான் இருக்குது, அதுக்காக விட்டுக் குடுக்க முடியுமா? நாளைக்கு ஆத்தூர்ல நம்ம வண்டி ஓடுது, அங்கயே ஒரு டாக்டர்கிட்ட மேல் பல்லைப் புடுங்கிட்டு வாரேன். படிச்ச பிள்ளைக்கு அப்பத்தான் புரியும். நீங்க தடுக்காதீங்க.

அக்காவுக்கு என் வணக்கம். உங்க ஊட்டுல எல்லாரும் நோய் நொடியில்லாம நூறு வருசம் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
காளியப்பன்

பி.கு.: திங்கட்கிழமை. ஆத்தூர் டாக்டரும் வேண்டாமென்றுதான் சொன்னார், நான் விடவில்லை. பிடுங்கின பல்லைக் கையில் வாங்கிப் பார்த்தேன், ஒரு பொட்டுச் சொத்தை இல்லை. வலி அப்படியே இருக்கிறது. வேறு கடிதம் எழுதத் தெம்பில்லை, இதையே நம்ம வண்டிப் பையன் கையில் இன்றைக்கே கொடுத்தனுப்புகிறேன், மேலே உள்ளதை அபிநயா கண்ணில் காட்டாமல் கிழித்துவிடவும். நாளைக் காலையில் மாமா வருகிறார், எந்தப் பல் என்று சொல்ல வாயே திறக்க மாட்டார் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.