வேளைக்கு ஒரு பாட்டில்

மாமனார் நாலு மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறார். இப்போது மணி பன்னிரண்டு. அவருடைய கார் வாசலில் நீலப் புகையைக் கக்கி, நாலு தடவை இருமிவிட்டு அடங்கிப்போய் நின்றது.

சாவியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தவர், மருந்துக்கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் மாமனார் முதல்முறையாகச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒரு வாரம் வெளியூர் போயிருந்தார். "பத்திரம் மாப்பிள்ளை" என்று இரண்டு தடவை சொன்னார். பெண்ணைக் கொடுக்கும்போது ஒரு தடவைதான் சொன்னார்.

வண்டியில் ஒரே ஒரு குறை. வேகம் நாற்பதைத் தாண்டினால் அடியிலிருந்து கடகடவென்று சத்தம் வரும். மாமனார் திரும்புவதற்குள் அதைக் குணப்படுத்தி நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஆசை.

"சத்தம் பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது, விட்டுடுங்க" என்று மாமியார் அப்போதே சொன்னார்.

"நோயை வளரவிடக் கூடாது அத்தை."

முதல் நாள், எஞ்சினைச் சுத்தம் செய்யும் திரவம் ஒரு பாட்டில் பெட்ரோலில் ஊற்றினார். சத்தம் போகவில்லை. டேங்க் நிறைய பெட்ரோலுக்கு ஒரு பாட்டில் போதும் என்று லேபிளில் போட்டிருந்தது. அது சாதாரண நோயாளிக்கு, இது நாள்பட்ட கேஸ் என்று தீர்மானித்து, மறுநாள் மூன்று வேளையும் கொடுத்தார். எஞ்சின் திக்க ஆரம்பித்தது.

திக்கலுக்கு, ஆயிலைக் கெட்டியாக்கும் திரவம் வாங்கி ஊற்றினார். கெட்டியானதில் வண்டி காலையில் எழுந்திருக்க அடம் பிடித்தது. அதை இளக்க இன்னொன்று. இப்படி ஊற்றி ஊற்றி, ஆயில் அளவுக்கோட்டைத் தாண்டி எங்கேயோ போய்விட்டதை அவர் கவனிக்கவே இல்லை.

"மொத்தம் எத்தனை பாட்டில் சார்?" என்றார், அவசரமாக வரவழைக்கப்பட்ட மெக்கானிக்.

"ஒன்பது."

"எல்லாமே வண்டிக்குத்தானே?"

மருந்துக்கடைக்காரர் காலி பாட்டில்களைக் காலால் ஓரம் தள்ளினார்.

மெக்கானிக் ஆயிலையும் பெட்ரோலையும் வடித்தார். பிளக்குகளை மாற்றினார். புது ஆயிலையும் பெட்ரோலையும் அளந்து ஊற்றினார். மூன்றரைக்குச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சட்டென்று பிடித்துக்கொண்டது. புகை இல்லை, திக்கல் இல்லை. மருந்துக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ் நிலையத்துக்கு விரட்டினார். நாற்பதைத் தாண்டியதும், கடகட.

திரும்பும்போது மாமனாரே ஓட்டினார். மறுபடி கடகட. மருந்துக்கடைக்காரரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டார்.

மாமனார் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார்.

"ஒன்பது பாட்டிலா?"

"ஆமா மாமா."

"ஒன்பதுக்கும் சத்தம் போகலையா?"

"போகல."

மாமனார் நீளமாக மூச்சு விட்டார். "அப்பாடா. நான் இதுவரைக்கும் பதினாலு ஊத்தியாச்சு மாப்பிள்ளை. எதுக்கும் அசையல. நீங்க ஒரே வாரத்துல சரி பண்ணிட்டா வீட்ல என் மரியாதை என்ன ஆவறதுன்னு, போன இடத்துல எனக்குத் தூக்கமே இல்ல."

ஆறு வருடத்தில் முதல்முறையாக இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். வண்டி நாற்பதிலேயே வீடு வந்து சேர்ந்தது. அடுத்து எந்தத் திரவத்தை ஊற்றிப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டே, பெட்டியை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

வாசலில் மெக்கானிக் வடித்த ஆயிலைக் கேனில் அடைத்துக்கொண்டிருந்தார். மாமியார் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாக அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, சைலன்ஸர் தகட்டுல ஒரு போல்ட்டை லூசாவே விடச் சொல்லியிருந்தேனே, அதைத் தப்பித் தவறி முறுக்கிடலையே? அவர் நாப்பதைத் தாண்டினா நான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்காரணும்."