சாக்கில் போன ஒன்பது கவுன்கள்

யஸ்த் நகரத்தில் இருக்கும் என் தங்கை நோஸ்ரத் கானுமுக்கு, இஸ்ஃபஹானிலிருந்து அண்ணன் ஹைதர்குலி சொல்லி எழுதுவது. உன் நிழல் உன் பிள்ளைகள் தலைமேல் குறையாமல் இருக்கட்டும். எங்கள் நலத்தைக் கேட்டால், உன் முகம் பார்க்காத குறை தவிர வேறு குறை இல்லை என்று எழுதுவதுதான் முறை. அப்படியே எழுதச் சொல்லிவிட்டேன். மற்றக் குறைகள் கீழே வருகின்றன.

தேதி போட வேண்டுமாம். ஆற்றில் பதினோரு நாள் மட்டும் தண்ணீர் விட்டு, ஊரே பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்புவதற்குள் மூடிவிட்டார்களே, உன் சம்பந்தி வாதுமை மரத்திலிருந்து விழுந்தாரே, ஆட்டிறைச்சி விலையைக் கேட்டு நான் கடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேனே, அந்த வருஷம். மாதுளை வந்துவிட்டது, பனி இன்னும் வரவில்லை. இதைவிடச் சரியான தேதி என்னிடம் இல்லை.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ உனக்குப் பிடித்ததை மட்டும் கேட்கிறாய். இதை உன் மகள் சத்தமாக வாசிப்பாள், நடுவில் நீ பேச முடியாது. எழுதுவது யார் என்றும் கேட்பாய். வேறு யார், என் மகன் மன்சூரின் பிள்ளைதான். நம் அம்மா குல்பானுவின் பெயரை நான் காதில் ஓதி வைத்த அதே பிள்ளை. இருபத்தைந்து வயதில், நான் பெண் இல்லை ஆண், சட்டப்படி கோர்ட்டு காகிதம் வாங்கி, ஆபரேஷனும் செய்துகொண்டு ஆணாக வாழப் போகிறேன் என்று புத்தாண்டுச் சாப்பாட்டில் மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில் சொல்லி, உன் மருமகன் மன்சூரின் தொண்டையில் முள் சிக்க வைத்ததே, அதே பிள்ளை. முதல் தடவை எழுதியதை, நீ மாப்பிள்ளையாகப் பார்த்து அனுப்பிய பெஹ்ஸாத்திடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். நான் சொன்ன "கழுதை" இரண்டு இடத்தில் காணவில்லை. மறுபடி எழுத வைத்திருக்கிறேன்.

இந்தப் பிள்ளையிடம் ஒரு நீலக் கோப்பு இருக்கிறது. முதலில் எந்த டாக்டர், பிறகு எந்த அலுவலகம், எப்போது மருந்து, எப்போது ஆபரேஷன், எப்போது பிறப்புப் புத்தகத்தில் பெயர் மாற்றம் என்று இரண்டு வருஷத்துக்குக் கட்டம் போட்டு வைத்திருக்கிறது. நூற்பாலையில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கினேன், இப்படித் திட்டம் போட்ட ஒரு மேலாளரைப் பார்த்ததில்லை. திட்டத்தில் ஒரே ஓட்டை, வீட்டு மனிதர்கள். மன்சூர் என்ன செய்தான் தெரியுமா, பிறப்புப் புத்தகம் இல்லாமல் எந்த அலுவலகமும் வாசலைத் திறக்காது என்று அதை எடுத்து ஒளித்துவிட்டான். பிள்ளை அரிசி மூட்டையில் தேடியது, தேநீர் கொதிக்கும் சமோவாருக்குள் தேடியது, கம்பளத்தைப் புரட்டித் தேடியது. அந்த நாற்பது நாளும் எனக்குக் கழுத்து வலி. மூன்று டாக்டர் பார்த்தேன். நீ அனுப்பிய மூலிகைத் தைலத்தைத் தேய்த்ததில் தோல் உரிந்ததுதான் மிச்சம். கடைசியில் தலையணையைத் தட்டினால் உள்ளே ஏதோ கடினமாக இருக்கிறது. கிழித்தேன். பிறப்புப் புத்தகம். கிழவன் தலையணையை யார் தொடப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறான் கழுதை. எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்தேன். நான் ஆதரவு கொடுத்ததாக நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். ஆதரவும் இல்லை ஒன்றும் இல்லை. என் கழுத்து வலித்தது.

இதற்கு நடுவில் உன் உபகாரம். "கட்டி வச்சா எல்லாம் சரியாயிடும்" என்று நீ ஃபரங்கீஸுக்குப் போன் போட்டாய். அவளும் பெற்றவள்தானே, மகளுக்கு ஏதாவது வழி பிறக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தவள், கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கம்பளம் வெளுக்கும் கடைக்காரர் மகன் பெஹ்ஸாத்தை நீயே பார்த்து அனுப்பினாய். வந்தார்கள், பூச்செண்டு, இனிப்புப் பெட்டி, தலையில் எண்ணெய். பிள்ளை தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தது, உள்ளே போகவில்லை, ஆண்கள் பக்கம் உட்கார்ந்து ஒரு சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு, "நேத்து பெனால்டிய அவன் எதுக்கு அடிச்சான்?" என்று மாப்பிள்ளையைக் கேட்டது. அவ்வளவுதான். இரண்டும் ஒரு மணி நேரம் பேசின. ஃபரங்கீஸ் கதவுக்குப் பின்னால் அல்லாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். போகும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே பெஹ்ஸாத் என்னிடம் மெல்லச் சொன்னான்: "தாத்தா, தப்பா எடுத்துக்காதீங்க, இவன கட்டிக்க முடியாது. ஆனா வெள்ளிக்கிழமை எங்க டீம்ல ஒரு ஆள் குறையுது." இப்போது நாங்கள் எங்கே போனாலும் வண்டி ஓட்டுவது அவன்தான். நீ பார்த்த சம்பந்தம் நல்ல சம்பந்தம், நோஸ்ரத். அதில் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு, அந்தக் காகிதத்துக்காக டாக்டர்கள் கூடும் அலுவலகம். சிறுவயசில் எப்படி இருந்தது என்று சொல்ல வீட்டார் வர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினார். மன்சூர் கிளம்பினான். எதற்கு, தடுப்பதற்கு. என்னையும் கூட்டிக்கொண்டு போனான், நரைத்த தாடி ஒன்று பக்கத்தில் இருந்தால் பேச்சுக்குக் கனம் கூடும் என்று. நான் வாயைத் திறப்பதாகவே இல்லை. சத்தியமாக. ஆனால் அவன் பேசினதைக் கேள்.

"காலேஜ் போற வரைக்கும் தங்கமா இருந்தா டாக்டரம்மா. சின்னதுல கவுனும் பொம்மையுமாத்தான் திரிவா. எல்லாம் இந்த செல்போன் பண்ண வேலை."

என்னால் எதையும் பொறுக்க முடியும், தப்பாகச் சொன்ன வருஷத்தைப் பொறுக்க முடியாது. உனக்குத் தெரியும்.

"நிறுத்துடா" என்றேன். "பாம் ஊரு பூகம்பத்துல இடிஞ்ச வருஷம் உன்கிட்ட ஏது செல்போன்?"

"பெரியவரே, வருஷத்த எண்ணுல சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

"எண்ணு எனக்குத் தெரியாதும்மா. வெள்ளிக்கிழமை விடியக்காலைல இடிஞ்சுது. சனிக்கிழமை பள்ளிவாசல்லேர்ந்து வீடு வீடா சாக்கு வந்துச்சு, கம்பளி போடச் சொல்லி. இதுக்கு நாலு வயசு. உள்ள போய் இழுத்துட்டு வந்துச்சு பாருங்க, ஒம்போது கவுனு, சிவப்புச் செருப்பு, கிளிப்பு, பொம்மை, ஒண்ணு விடாம சாக்குல போட்டுச்சு. இதோ இவன் தெருவுல நின்னு, 'எம் மகளுக்கு அவ்லியா மனசு'ன்னு அழுதான். இவன் அத்தை மஷ்ஹதுலேர்ந்து வாங்கியாந்த மஞ்ச லேஸ் கவுனு, அதுவும் போச்சு."

"மஞ்சள் இல்லப்பா, ரோஸ்" என்றான் மன்சூர். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"மஞ்சள்டா. அப்புறம் போடத் துணி இல்லாம மாமன் மகனோட கால்சட்டைய மாட்டி விட்டாங்கம்மா. புத்தாண்டு வரைக்கும் மூணு மாசம். அந்த மூணு மாசமும் பிள்ளை ஒரு நாள் அழல. புத்தாண்டுக்குப் புதுக் கவுன் வந்துச்சு, அன்னைக்கு ஆரம்பிச்ச அழுகை."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மன்சூர்தான் பேசினான்: "பூகம்பத்துக்குக் குடுத்தா அது தரும குணம். அதுக்கு இதுவா அர்த்தம்? ஆம்பளைன்னா ரெண்டு வருஷம் பட்டாளத்துக்குப் போகட்டும், பாக்கலாம். அப்பா, நீங்க யாரு பக்கம்?"

"நான் யாரு பக்கமும் இல்ல. நீ தப்பாச் சொன்னே, திருத்தினேன்."

ஒருவர் இப்படி ஒருவர் அப்படிச் சொன்னால் நான் என்ன எழுதுவது என்று டாக்டரம்மா கேட்டார். அன்று நேரில் பார்த்த பெரியவர் இன்னும் ஒருவர், தகப்பன் வழியில், வரும் செவ்வாய்க்கிழமை வந்து சொல்லட்டும், இல்லாவிட்டால் காகிதம் நிற்கும், அடுத்து எப்போது கூடுவார்களோ தெரியாது என்றார். வீட்டுக்கு வந்தால் கதவு உள்ளே தாழ். மாடியிலிருந்து என் கைத்தடியும் மருந்துப் பையும் கயிற்றில் இறங்கின. என்ன இருந்தாலும் மரியாதை தெரிந்தவன், எறியவில்லை.

இப்போது பெஹ்ஸாத் கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறோம். இருபத்திரண்டு படி. நாள் முழுக்க நனைந்த கம்பளி நாற்றம், சோற்றிலும் அதே வாசனை. பிள்ளை ராத்தூக்கம் இல்லாமல் வேலைக்குப் போகிறான், வருகிறான், கோப்பைத் திறந்து அந்த ஒரு கட்டத்தைப் பார்க்கிறான், மூடுகிறான். புதுப் பெயர் ராதின் என்றான். இருமல் மருந்துப் பெயர் மாதிரி இருக்கிறது என்றேன். "எங்கம்மா பேரைத் தூக்கிப் போட்டுட்டியே" என்றும் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தூக்கிப் போடல தாத்தா. அழகான பேரு. எனக்குச் சேரல, அவ்வளவுதான். உங்ககிட்டயே திருப்பித் தரேன், பத்திரமா வச்சுக்கோங்க."

திருப்பித் தருவதற்குப் பெயர் என்ன, கல்யாணத்துக்கு வாங்கிப் போன அண்டாவா. இந்த இடத்தில் எழுதுகிறவன் கை நின்றுவிட்டது, அதையும் எழுது என்றேன்.

ஆகவே தங்கையே, எனக்கு எண்பத்து மூன்று வயது, இந்தப் படிகள் ஆகாது. வெள்ளிக்கிழமை மன்சூர் வீட்டுக்கே திரும்பிவிடப் போகிறேன். அவன் பாடு அவன் பார்த்துக்கொள்ளட்டும். நீ இதில் தலையிடாதே. தைலம் அனுப்பாதே. யாருக்கும் போன் போடாதே. முக்கியமாக, கிளம்பி வந்துவிடாதே. உன் முட்டிகள் பலப்படட்டும், உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உன் சம்பந்தியின் கால் சேரட்டும். பெஹ்ஸாத் சலாம் சொல்கிறான். எழுதியவன் உன் கையை முத்தமிடுகிறான்.

உன் அண்ணன் ஹைதர்குலி. கீழே இருப்பது என் கட்டைவிரல்.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை பற்றிச் சொன்னதை விட்டுவிடு, பையைப் பிரித்துவிட்டேன். வராதே என்றதையும் விட்டுவிடு. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறு, பெஹ்ஸாத் வண்டியோடு நிற்பான், படியில் உன்னைத் தூக்கிக்கொண்டு ஏறுவதாகச் சொல்கிறான். நீ என் பக்கம் பேச வேண்டாம், ராதின் பக்கமும் பேச வேண்டாம், கவுன் என்ன நிறம் என்று சொன்னால் போதும். வேறு ஆள் இருந்தால் உன்னைக் கேட்டிருக்க மாட்டேன். அந்தச் சனிக்கிழமை வாசலில் நின்றவர்களை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். சாக்கைப் பிடித்த பள்ளிவாசல் யதுல்லா அடுத்த குளிரிலேயே போனார். சாக்கின் வாயைக் கட்டிய என் வீட்டுக்காரி தூபா, ஆற்று மணலில் பையன்கள் பந்து விளையாட ஆரம்பித்த வருஷம் போனாள். நம் அக்கா எஷ்ரத்தைக் கொரோனாவில் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம். அந்தக் கவுனை வாங்கியவள், அது சாக்கில் விழுந்தபோது பிள்ளையைத் தூக்கி முத்தமிட்டு அழுதவள், ஒருத்தி மட்டும் மிச்சம். நோஸ்ரத், நீதான்.